பூச்சுக்கு முன்

ஜெபசிங் சுவரில் காதை வைத்துக் கேட்டான்.
"எக்கா, தண்ணி உள்ளதான் ஓடுது.
எதுவழியா ஓடுதுன்னு தெரியாம உளிய வச்சா
நல்ல பைப்பும் சேந்து போவும் கேட்டியளா."

படம் இருக்கிறது என்றேன்.
பூசுவதற்கு முன்பு
ஒவ்வொரு சுவரையும் எடுத்து வைத்தவள் நான்.
கருங்கல் வட்டாரத்திலேயே யாரும் செய்யாத காரியம் என்று
அன்றைக்கு வினிஸ் சிரித்தான்.

பழைய மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்ட மனமில்லாமல்
போன மாதம்தான் புதியதற்கு மாறியிருந்தோம்,
புது லேப்டாப்போடு.
திறந்தால்
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் படங்கள்,
ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கேள்விக்குறி.
தொட்டால்: அசல் கோப்பு காணவில்லை.

"காணேலன்னா, இந்தா தெரியுதே?"
தெரிவது நகத்தளவு.
குளியலறைச் சுவர் அதில் ஒரு சாம்பல் பொட்டு,
பைப்பு ஒரு மயிரிழை,
வினிஸ் பிடித்திருந்த டேப்பில் எண்கள் இல்லை,
மஞ்சள் மட்டும் இருந்தது.
பெரிதாக்கப் பெரிதாக்க
சுவர் கட்டம் கட்டமாக உதிர்ந்தது.

வெளியே சாரல்.
வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் வாங்குகிற ஜில்லா.
ஜெபசிங் கட்டன்சாயா குடித்தான்,
ரஸ்க் கேட்டான்,
அவன் கூலி ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளி நிற ஹார்ட் டிஸ்க்
அலமாரியில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்தது.
சொருகினேன், முனகியது.
எல்லாம் அதற்குள் இருந்தன, போட்டது போட்டபடி.
முன்பு அதன் பெயர் எஃப்.
புது லேப்டாப் அதை ஜி என்று கூப்பிட்டது.
அவ்வளவுதான் விஷயம்.
வீடு நின்ற இடத்திலேயே நிற்க
கதவெண் மாறியதால்
தபால்காரர் திரும்பிப் போயிருக்கிறார்.

ஒரேயொரு கேள்விக்குறியைச் சொடுக்கி
இதன் அசல் இங்கே என்று காட்டிக்கொடுத்தேன்.
பக்கத்தில் உள்ளவற்றையும் தேடட்டுமா என்றது.
தேடு.
பெரிய வெள்ளி, நாத்தனார் நிச்சயம்,
பெயர் வைக்குமுன் ஓடிப்போன பூனை,
அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் போட்ட அன்றைய பிரியாணி
என்று ஒவ்வொன்றாகக் குறி அவிந்தது.
நாற்பத்தொன்று மட்டும் கடைசிவரை
கேள்வியாகவே நின்றன.
அவற்றை அப்புறம் பார்க்கலாம்.

சுவர் திறந்தது.
தரையிலிருந்து மூன்றே கால் அடி,
ஜன்னலுக்கு ஒரு சாண் இடது.
"அப்ப இங்கன" என்று
ஜெபசிங் சாக்பீஸால் கோடு போட்டான்.

நான் திரையை விட்டு எழவில்லை.
டேப்புக்குக் கீழே, சிரட்டைக்கரியில்,
ஞானதாஸ் கொத்தனாரின் கையெழுத்து.
கையாள் மூன்று நாள்.
ராத்திரி வேலை இரண்டு.
அடியில் இரட்டைக் கோடு இழுத்து
பாக்கி 3400.

நகத்தளவில் அது அழுக்காகத் தெரிந்திருந்தது.

படத்தின் தேதி 2016, நவம்பர் இருபத்தாறு.
கையிலிருந்த நோட்டெல்லாம் காகிதமாகிப்போன மாதம்.
அடுத்த வாரம் தருகிறோம் என்று சொன்னது
நானா, வினிஸா?
அடுத்த வாரம்
தன் கணக்கின் மேல் தானே பூசிவிட்டுப் போனார்.
பிறகொரு முறை திங்கள்சந்தையில் பார்த்தபோதும்
எங்கேயாவது கசியுதா அம்மா என்று மட்டும் கேட்டார்.

குளச்சலுக்கு, வினிஸின் கடைக்கு போன் போட்டேன்.
"குடுத்தாச்சே" என்றான்.
கொஞ்சம் கழித்து,
"குடுத்த மாதிரிதான் ஞாபகம்."

உளி இறங்கியது.
பூச்சு பாளம்பாளமாகப் பெயர்ந்தது.
ஒரு பாளத்தின் உட்புறத்தில் ஒட்டி வந்திருந்த கரியை
ஜெபசிங் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதென்னக்கா, நம்பர் தலகீழா கெடக்கு?"

தம்பி,
ஞானதாஸ் கொத்தனாரைத் தெரியுமா உனக்கு?

"எந்த ஞானதாசு?
திக்கணங்கோட்டுல
ரெண்டு பேரு உண்டே."